ஈர விதை

2018ஆம் ஆண்டு ஜூலை ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை, நான்குவழிச் சாலைக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட நிலத்தின் வடமேற்கு மூலையில், பழுத்து நின்ற களாப் புதரின் முன் அவள் ஓலைக் கொட்டானுடன் உட்கார்ந்திருந்தாள்.

மழைக்கு முன்னரே இயந்திரம் வந்துவிடும் என்று சாலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

புதருக்கு இது கடைசிக் காய்ப்பு. அதற்குள் அவளுக்கு ஒரு கன்றாவது வேண்டும்.

சென்ற ஆண்டும் விதை எடுத்தாள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் செய்வதையே இதற்கும் செய்தாள். கழுவினாள், வெயிலில் உலர்த்தினாள், சாம்பலில் பிசறிக் கலயத்தில் கட்டிவைத்தாள். தைப் பட்டத்தில் பாவினாள்.

ஒன்றுகூட முளைக்கவில்லை.

மண்ணைக் கிளறி, ஒரு விதையை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே பருப்பு சுருங்கிக் கறுத்திருந்தது. பிழை மண்ணில் இல்லை, உலர்த்தியதில்தான் என்று அப்போது தெளிந்தாள். காட்டில் இந்த விதையை யார் காயவைத்தார்கள்? பழத்தோடு விழும், ஈரத்தோடு புதையும்.

வரப்பில் ஆடு ஓட்டிவந்த ஆராயி நின்று சிரித்தாள்.

“ஊரே முள்ள வெட்டி எரிக்குது. முள்ளுக்கு நாத்துப் பாவுறது நீங்க ஒருத்தருதான் மதினி!”

“உன் ஆட்டுக்குப் பயந்துதான் பாவுறேன். ஓட்டிட்டுப் போடி.”

ஆராயி இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது பிற்பாடு. அவளுக்குத் தெரிய வழியில்லை.

அந்த மூலையில் புதைந்து கிடப்பது அவள் பெற்ற எட்டு நாள் பெண்குழந்தை. பெயர் வைக்கும் நாள் வரவில்லை.

நரி தோண்டாதிருக்க, அவள் கணவர் சேவுகப்பெருமாள் அன்று களாமுள்ளை வெட்டிவந்து மேட்டின் மேல் பரப்பிக் கல் ஏற்றினார். காய்த்திருந்த கிளைகள் அவை. அடுத்த மழையில் இந்தப் புதர் அங்கேயே முளைத்தது.

அதன்பின் எந்தக் கோடையிலும் அது மொட்டையாக நின்றதில்லை.

அதன் பழத்தை அவர்கள் வீட்டில் ஒருவரும் வாயில் வைத்ததில்லை. வைக்கக் கூடாதென்று ஒருவரும் சொன்னதுமில்லை.

அவள் ஒரு பழத்தைப் பிதுக்கினாள். பால் கசிந்து விரலில் ஒட்டியது. விதை சதையோடு நசுங்கி நழுவியது. இன்னொன்று. அதுவும் நழுவியது.

பின்னால் நிழல் விழுந்தது.

அவர்தான். இந்த மூலைக்கு அவர் வருவதில்லை. மேட்டிலிருந்து ஒரு பிடி மண்ணாவது எடுத்துக்கொண்டு போகலாமா என்று அவள் பலமுறை கேட்டிருந்தாள். கேட்டபோதெல்லாம் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

துண்டை உதறிப்போட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் விரல்களைச் சற்று நேரம் பார்த்தார்.

கொட்டானிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சதையை மெல்ல உறிஞ்சினார். நெடுநேரம் உறிஞ்சினார். பிறகு அவள் கையை இழுத்து, உள்ளங்கையில் மூன்று விதைகளை உமிழ்ந்தார்.

பிசிறில்லாத விதைகள்.

“இனிப்பாத்தான் இருக்கு. நீயும் தின்னு.”

அவள் தின்றாள். முதலில் புளித்தது.

கொட்டான் காலியாகும்வரை இருவரும் தின்றார்கள். உதடுகள் கறுத்தன. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை.

விதைகள் உலருமுன், அவள் கொண்டுவந்திருந்த சிரட்டைகளில் வரப்பு மண் நிரப்பி அங்கேயே ஊன்றினார்கள். அவர் கண்மாயிலிருந்து நீர் கொணர்ந்தார். அவள் தெளித்தாள்.

வெயில் ஏறுமுன் எல்லாம் முடிவாயிற்று.

மேட்டைத் தோண்டுவதில்லை, மண்ணும் எடுப்பதில்லை. இயந்திரக்காரரிடம் எதுவும் சொல்வதில்லை. முளைத்து வருவதைக் கண்மாய்க்கு அப்பால் தாங்கள் கட்டும் புது வீட்டில் நடுவது. வேலியோரத்தில் அல்ல, வாசலுக்கு நேரே. தெருப்பிள்ளைகள் வந்து பழம் பறித்தால், பறிக்க விடுவது.