குதிரையா, பூதமா?

போர் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகியும் எந்தப் படையோடு போவது என்று அறிவுச்செல்வனுக்கு முடிவாகவில்லை. குதிரைப்படையா, பூதப்படையா?

"இன்னாடா, சுவத்தையே பாத்துக்கினு குந்தியிருக்க?" என்றாள் அவன் அம்மா கொளஞ்சியம்மாள், மக்காச்சோளக் கதிரை உரித்துக்கொண்டே.

"படையத்தான் யோசிக்கிறேம்மா."

பெரிய படை ஒன்றும் கிடையாது. அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். விரல் உயரப் பொம்மை வீரர்களை மேஜையில் நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி அடித்துக்கொள்ளும் ஆட்டம் அது. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் அவனுக்கு அதுதான் சோறு, தூக்கம் எல்லாம்.

அப்புறம் அதை விட்டான், ஊருக்கு வந்தான், ராதிகாவைக் கட்டினான், விவசாயத்தில் இறங்கினான். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பழைய எதிராளி சிவசங்கர் பேங்க் மேனேஜராகக் கள்ளக்குறிச்சிக்கே மாற்றலாகி வந்து, "இன்னாடா, உன் குதிரைங்க இன்னும் உயிரோட இருக்குதா?" என்று போனில் கேட்கும்வரை.

அந்தச் சிவசங்கரிடம் அறிவுச்செல்வன் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. குதிரைப்படை வேகமாகப் போய் முதலிலேயே செத்தது. பூதப்படை நிதானமாகப் போய்க் கடைசியில் செத்தது. தப்பு தளபதி மேல் இருக்கலாம் என்று மட்டும் தளபதிக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

வேலை ஜாஸ்தி, அதனால்தான் விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். தோற்றுத் தோற்று மானம் போனதால்தான் விட்டான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு தடவை அந்தச் சிவசங்கரைக் கவிழ்த்துவிட்டால் போதும், மனசு ஆறிவிடும்.

"ஞாயித்துக்கெழம சோளம் ஒடிக்க ஆள் சொல்லியிருக்குது. நீ பொம்மை வெச்சிக்கினு ஆடப் போற" என்றாள் அம்மா. "தோத்துட்டா இன்னா செய்வ?"

"இந்த தபாவும் தோத்தா இனிமே தொடவே மாட்டேம்மா. சத்தியமா."

"சரி, போயிட்டு வா" என்று அடுத்த கதிரை எடுத்தாள். ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்தவள், நேற்று அய்யனார் கோயிலுக்குப் போய்வந்ததிலிருந்து சாந்தமாக இருந்தாள். வயசானால் மனசு கனிந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டான்.

குதிரைதான் என்று ஒருவழியாகத் தீர்மானித்து, ஏணி போட்டுப் பரணில் ஏறினான். பெட்டி லேசாக இருந்தது. திறந்தால் உள்ளே அவரை விதை.

"யம்மா, என் குதிரைங்க எங்க?"

"அய்யனாருகிட்ட."

ஏணி ஆடியது.

"குதிரை செஞ்சி வெக்கிறேன்னு அவருக்கு வேண்டிக்கினு இருந்தேன். செய்யறவரு இந்த வருஷம் ஆவாதுன்னுட்டாரு. பரண் மேல அத்தினி குதிரை சும்மாதான கெடக்குதுன்னு கொண்டும்போய் வெச்சிட்டேன். சாமி ஒண்ணும் சொல்லல."

"கோயில்ல நான் பாக்கவே இல்லையே?"

"போன ஆடியில நீயே வுழுந்து கும்புட்டியே. போனைப் பாத்துக்கினே கும்புட்டா இன்னா தெரியும்?"

சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்க முடியாது. ஒவ்வொரு குதிரைக்கும் பிடரி மயிரைத் தனித்தனியாக வெள்ளிப் பெயிண்டால் தீட்டியவனுக்கு அழுகை முட்டியது.

"எதுக்கு வேண்டிக்கின? என் கல்யாணத்துக்கா?"

"இந்தக் கருமத்த வெச்சிக்கினு இருந்தா எவன் பொண்ணு குடுப்பான்? அந்த சிவசங்கரு தம்பிகிட்ட நீ தோத்துக்கினே இருக்கணும், வெறுத்துப்போய் எல்லாத்தையும் வுட்டுட்டு வூடு வந்து சேரணும்னு வேண்டிக்கினேன்."

அறிவுச்செல்வன் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.

அப்படியானால் அத்தனை ஆட்டத்திலும் எதிரே நின்றது அய்யனார்! அவரையே எதிர்த்து ஒரு ஆட்டத்தில் சாப்பாட்டு நேரம்வரை தாக்குப்பிடித்திருக்கிறானே, அவன் எப்பேர்ப்பட்ட தளபதி. சிவசங்கரெல்லாம் ஒரு ஆளா.

அந்த வேண்டுதல்தான் பலித்து, குதிரையும் போய்ச் சேர்ந்துவிட்டதே. இனி சாமி குறுக்கே வர மாட்டார். பூதப்படைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான்.

"பூதத்தோட போறேம்மா. இந்த தபா ஜெயம் நமக்குத்தான்."

கொளஞ்சியம்மாள் எழுந்து வந்து பெட்டியைத் திறந்தாள். ஒரு பூதத்தை எடுத்து, அதன் கோரைப்பல்லில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். இந்தப் பொம்மைகளைத் துடைப்பத்தால் மட்டுமே தொட்டவள் அவள்.

"துணி சுத்தி எடுத்துக்கினு போ. பஸ்ல மடியிலயே வெச்சிக்க. ஒரு கையி காலு ஒடையாம திருப்பிக் கொண்டாந்துடு."

அறிவுச்செல்வனுக்கு மனசு குளிர்ந்துபோனது. அம்மா மாறிவிட்டாள்.

"என் பொம்மை மேல உனக்கு இவ்ளோ அக்கறையாம்மா?"

"ஒடஞ்சத அய்யனாருக்கு வெக்கக்கூடாதுடா, நேத்தே வேண்டிக்கினு வந்துட்டேன்."