டாப்சன் மலை

"உங்க மலைக்குப் பழைய பேரு என்னங்கம்மா? வெள்ளைக்காரர் பேரை எடுத்துட்டு அதையே வைக்கப் போறோம்" என்று கேட்டாள் அதிகாரி பிரவீனா.

சாவடியில் கூடியிருந்த ஊர் வாய் திறக்கவில்லை.

மறந்து தொலைத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். பாவம், வெளியூர்க்காரி.

பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலை எந்த வீட்டு ஆளைக் கொண்டுபோகிறதோ, அந்த வீட்டார் அப்புறம் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. மீறிச் சொன்னால் அதே வீட்டில் இன்னொரு உயிரைக் கேட்கும் என்பது ஊரின் பயம். அதனால் அவர்களுக்கு அது டாப்சன் மலை. எவனோ ஒரு துரையின் பெயரைச் சொல்வதில் யாருக்கென்ன நஷ்டம்?

யானை, வெள்ளம், பாறைச் சரிவு என்று ஒவ்வொரு வீடாகப் போய், கடைசியில் பெயர் சொல்ல மிஞ்சியது மயிலாத்தாள் வீடு ஒன்றுதான். ஆடி நோன்பிக்கு மலையைப் பெயர் சொல்லி அழைப்பவள் அவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. திரும்பிய வேகத்தில் குனிந்தும்கொண்டன.

போன அமாவாசையன்று, காணாமல் போன கிடாரியைத் தேடி அவள் மகன் கதிர்வேல் மலை ஏறினான். மறுநாள் கிடாரி தானாக வந்து கட்டுத்தறியில் நின்றது.

அவன் வரவில்லை. தேடிப் போனவர்கள் அவன் துண்டை மட்டும் கொண்டுவந்தார்கள். காரியம் பற்றிப் பேச வந்த பங்காளிகளை மயிலாத்தாள் வாசலோடு விரட்டினாள். வீட்டில் யாரும் அழக் கூடாது என்றாள். வேளை தவறாமல் அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைத்தாள்.

இப்போது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். அவன் இருக்கிறான் என்று ஊர் முன்னால் சொன்னதாக ஆகிவிடும்.

மயிலாத்தாள் எழுந்தாள். பக்கத்து வீட்டு சாந்தாமணி சேலையைப் பிடித்து இழுத்தாள். இவள் உதறிவிட்டாள். பிரவீனாவின் முகம் மலர்ந்தது.

பெயர் தொண்டை வரைக்கும் வந்தது.

தூணோரம் மருமகள் லோகப்பிரியா நின்றிருந்தாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை பாட்டியைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது.

மயிலாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாப்சன் மலைங்க அம்மணி."

அதற்காகவே காத்திருந்தவள் போல லோகப்பிரியா ஓவென்று அழத் தொடங்கினாள்.