எதிர் மூலை

“நீங்க சொல்றீங்களா, இல்ல நானே சொல்லிடட்டுமா?” மகள் அப்பாவின் காதருகே கேட்டாள்.

“நாங்க சொல்லிக்கிறோம். நீ வாயைத் திறக்காதே” என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

“நான் மாடியைப் பாத்துட்டு இறங்கறதுக்குள்ள சொல்லிடணும்.” மகள் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, படிக்கட்டில் காத்திருந்த பையனை நோக்கி நடந்தாள்.

பையன் பொறியாளர். இந்தப் பழைய வங்கிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலை அவனுடையது. கல்யாணப் பேச்சுக்காக இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்திக்க ஓட்டல் எதற்கு, ஞாயிற்றுக்கிழமை வங்கி காலியாகத்தான் கிடக்கும் என்று அவன்தான் இங்கே அழைத்திருந்தான். வந்ததிலிருந்து அவனுக்கு வாய் ஓயவில்லை. ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள், பித்தளைக் கம்பி போட்ட கவுன்ட்டர்கள், வண்ணக் கண்ணாடி பதித்த வளைந்த கூரை. “இந்த ஹால்ல ஒரு வேடிக்கை இருக்கு. அதைக் கடைசியில காட்டுறேன்” என்று வேறு சொல்லி வைத்திருந்தான்.

பெண்ணின் அப்பாவுக்கு இதில் எதுவும் மனதில் ஏறவில்லை. அவர் பார்வையெல்லாம் பையனின் அம்மா மேலேயே இருந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வந்ததும் வராததுமாக, “எங்க வீட்ல ஒளிவுமறைவு கிடையாதுங்க. எதுவா இருந்தாலும் நேராப் பேசிடணும்” என்று சொல்லிவிட்டார். அப்போது பிடித்த படபடப்பு அப்பாவுக்கு இன்னும் அடங்கவில்லை.

“பாத்துக்கிட்டிருங்க. நான் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.” தலைமையாசிரியை கைப்பையோடு ஹாலின் எதிர் மூலைக்குப் போனார். அங்கே முதுகைக் காட்டி நின்று பையைத் துழாவினார்.

அம்மா கணவரின் கையைப் பிடித்து இந்தப் பக்கத்து மூலைக்கு இழுத்தாள். “சுவர்ப் பக்கம் திரும்பிக்குங்க. அந்தம்மா திரும்பிப் பாத்தா அவ்வளவு தூரத்துலேருந்தே வாயசைவைப் படிச்சிடும்.”

தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி இருவரும் மூலையைப் பார்த்து நின்றார்கள்.

“சொல்லிடுவோம். எனக்கு மனசு கேக்கல” என்றார் அப்பா.

“சொன்னா? போன ரெண்டு இடமும் என்ன ஆச்சு? அவளுக்கு வலிப்புன்னு சொன்னதும் கையில எடுத்த காப்பியைக்கூடக் குடிக்காம எழுந்து போனாங்களே!”

“மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து ஒரு தடவைகூட வரலியே!”

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியுமா? அது மூஞ்சியைப் பாத்தாலே வர்ற வார்த்தையும் தொண்டைக்குள்ள திரும்பிப் போயிடுது. முதல்ல கல்யாணம் முடியட்டுங்க.”

மாடியிலிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“கேட்டீங்களா? அவ இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு! இந்த இடமும் போச்சுன்னா அவ தாங்க மாட்டா.” கண்ணில் நீர் முட்டியது.

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா, கட்டிக்கிட்டவனுக்குத் தெரியாம மாத்திரையை ஒளிச்சு ஒளிச்சுப் போட்டுக்கிட்டு ஒருத்தி எத்தனை வருஷம் இருக்க முடியும்? அந்தப் பயத்துலேயே செத்துடுவாளே.”

மாடிப்படியில் காலடிச் சத்தம் இறங்கத் தொடங்கியது.

“சரி, போய்ச் சொல்லிடுங்க. நடக்கறது நடக்கட்டும்” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தார்.

“வர வேண்டாம். அங்கேயே நில்லுங்க.”

யாரோ காதுக்குள் பேசியது போலிருந்தது. இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் ஒருவருமில்லை. குரல் சுவரிலிருந்து வந்திருந்தது. திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஹாலின் எதிர் மூலையில், தலைமையாசிரியை இன்னும் சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தார். பையன் கடைசியில் காட்டுவதாகச் சொன்ன வேடிக்கை இதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த மூலையில் முணுமுணுத்ததையெல்லாம் அந்த வளைந்த கூரை ஒரு சொல் விடாமல் எதிர் மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

“ஐயோ, மூஞ்சின்னு வேற சொல்லித் தொலைச்சேனே!” அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூஞ்சி கிடக்கட்டும். எத்தனை வருஷம் இருக்க முடியும்னு கேட்டீங்களே,” சுவரிலிருந்து வந்த குரல் லேசாக நடுங்கியது. “முப்பது வருஷம் இருக்கலாங்க, சம்பந்தி. நான் இருந்திருக்கேன். இப்பக்கூட அதே வலிப்பு மாத்திரையைப் போட்டுக்கத்தான் இந்த மூலைக்கு வந்தேன். என் பையனுக்கே தெரியாது. அவன் இறங்கி வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடுவோம்.”