மஞ்சள் பலூனின் பாசம்

கடற்கரை மணலில் பலூன் சுடும் கடை ஒன்று இருந்தது. அதன் மேசைமேல் இரண்டு ஏர்கன்கள் கிடந்தன. ஒன்று புதுசு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல், நல்ல கனம். மற்றது குட்டை, எத்தனையோ பேர் கன்னம் பட்டு அதன் கட்டை வழவழப்பாகியிருந்தது.

எதிரே பலகையில் கட்டியிருந்த மஞ்சள் பலூனுக்கு நெட்டைத் துப்பாக்கிமேல் கொள்ளைப் பிரியம். சுட ஆள் வரும்போதெல்லாம், "நம்ம அண்ணன் மாதிரி வருமா?" என்று ஆரம்பித்துவிடும்.

வந்தவர்களும் நெட்டையைத்தான் எடுத்தார்கள். கனம் தாங்காமல் கை நடுங்கும். குண்டு பலூனை விட்டுவிட்டுப் பலகையில் போய் இறங்கும்.

"பாத்தியா, பலகையே ஓட்டையாயிடுச்சு," என்று நெட்டை பெருமைப்படும்.

"உங்க பலம் யாருக்குண்ணே வரும்," என்று பலூன் உருகும்.



சாயங்காலம் ஒரு பெண் கணவனோடு வந்தாள்.

"பெரிசை எடு, தாமரை," என்றான் அவன்.

அவள் நெட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். குட்டையை எடுத்துத் தோளில் சாய்த்து, கண்ணை மூடித் திறந்தாள். குழல் நுனியில் இருந்த குறி அவள் கண்ணுக்கு நேராக நின்றது.

"ஏம்மா, அண்ணனை இன்னொரு தடவை தூக்கிப் பாரேன்..." என்று பலூன் இழுத்தது.

டப்பென்று சத்தம் கேட்டது. ஆணியில் ஒரு மஞ்சள் துணுக்குதான் மிச்சம்.

நெட்டைக்கு மனசே ஆறவில்லை. "என்மேல எவ்வளவு பாசமா இருந்தான்," என்றது.

பக்கத்து ஆணியில் இருந்த பச்சைப் பலூன் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"எனக்கும் உங்கமேல பாசம்தாண்ணே."