மூன்றாவது கம்பி

மனைவி போனபின் ஆரியசாலை பகவதிப்பெருமாள் பிள்ளையிடம் பேசுகிற ஆள் பால்காரன் ஒருவன்தான். அவனும் ‘பால்’ என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

ரேடியோ பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றக் காற்றாடி வைக்கவேண்டும் என்று சொல்லி, பிள்ளை தம் தோட்டத்தில் இரும்புக் கம்பம் நாட்டினார். அது சாயாமலிருக்க மூன்று பக்கம் இழுத்துக் கட்டவேண்டும். தரையில் முளையடித்து இரண்டு கம்பி கட்டியாயிற்று.

“மூணாவது முளையை வேலிக்கு அந்தப் பக்கம் அடியும்வே,” என்றார்.

மேஸ்திரி தங்கய்யன் திடுக்கிட்டான். “அது அடுத்த வீட்டுக்காரரு பறம்புல்லா? இங்கயே எடம் கெடக்கே, பிள்ளைவாள்!”

“அடியும்.”

“அவரு சண்டைக்கு வருவாரு.”

“உறப்பா, நிச்சயமா வருவாரா?” பிள்ளையின் முகம் மலர்ந்தது.

மேஸ்திரி முளையை அடித்துக் கம்பியை முறுக்கினான். அடுத்த வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

“லேய் பெருமாளு! யாருகிட்டக் கேட்டுலே என் தோட்டத்துல முளை அடிச்சே?”

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்க அண்ணன்,” என்றார் மேஸ்திரியிடம் மெதுவாக. “பாகம் பிரிச்சு ஒம்பது வருசம். இன்னைக்குத்தான் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு.”

மேஸ்திரி கம்பியை இழுத்துப் பார்த்தான். “அப்போ காத்தாடியை மாட்டட்டுமா?”

“காத்தாடியா? நான் இன்னும் ரேடியோவே வாங்கல்லியேவே!”