துருத்திக் கை

இரண்டாவது அடியிலேயே குழந்தைகள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

கிளிப் பாட்டு அது. கிளி மெல்லப் பறந்து வந்து மாங்கிளையில் உட்கார வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் அதைப் பருந்து துரத்துகிற வேகத்தில் விரட்டிக்கொண்டு போனார்கள்.

பியாட்ரிஸ் டீச்சர் கண்ணை உருட்டினாள். கையை உயர்த்தினாள். ஒருத்தரும் அடங்கவில்லை.

வாசலுக்கு முதுகு காட்டிப் போட்ட நாற்காலியில் இன்ஸ்பெக்டர் சுப்புராயன் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார்.

சாந்தோம் கடற்கரையை ஒட்டிய அந்தச் சின்ன மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் அவள் பதினோரு வருஷமாகப் பாட்டு டீச்சர். வலது கை ஹார்மோனியக் கட்டைகளில், இடது கை துருத்தியில். அந்த இடது கை மூடித் திறக்கும் கணக்குத்தான் பிள்ளைகளுக்குத் தாளம். இது அவளுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்றைக்கு ஹார்மோனியம் இல்லை. அது பங்குச் சாமியாரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பூட்ட வைத்த புண்ணியவதியும் அவளேதான்.

எல்லாம் அந்த ஃப்ளோரன்ஸால் வந்தது. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் திரும்பி வந்து, வகுப்புகள் மறுபடி நிரம்பியபோது வேலைக்கு எடுத்த பெண். குப்பத்துப் பெண். ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க வந்தவள், ஆளுக்கு இரண்டு கொட்டாங்கச்சியைக் கொடுத்துத் தட்டச் சொன்னாள். தட்டு, நிறுத்து, குதி, தட்டு. ஒரே மாதத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அந்தச் சத்தம்தான். பியாட்ரிஸின் வகுப்புப் பிள்ளைகள்கூட அவள் பாடும்போது தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பியாட்ரிஸுக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம், எரிந்தது எரிந்ததுதான்.

அதற்கு மேல் முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு செய்தி வந்தது. ஜூன் முதல் பாட்டு வகுப்பு ஒருத்தருக்குத்தான். இன்ஸ்பெக்டர் மெச்சுகிறவருக்கு. மற்றவர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கலாம்.

அன்றைக்கே பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு நடந்துகொண்டிருந்தது.

“தபசு காலத்துல கொட்டு முழக்கு அடுக்குமா, சாமி?”

சாமியார் நியாயஸ்தர். கொட்டாங்கச்சிகளைச் சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டார். அதே நியாயத்தோடு ஹார்மோனியப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். ஈஸ்டர் வரைக்கும் எந்த வாத்தியமும் கூடாது என்றுவிட்டார். கெடுவான் கேடு நினைப்பான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

காலையில் ஃப்ளோரன்ஸின் பிள்ளைகள் வெறும் கையைத் தட்டிக் காட்டினார்கள். அத்தனையும் பிஞ்சுக் கை. சத்தம் இன்ஸ்பெக்டரின் நாற்காலி வரைக்கும் வந்து சேரவில்லை. “சரி” என்று ஒரு வார்த்தையோடு எழுந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தை பியாட்ரிஸுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

இப்போது அவள் முறை. கிளி தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

போச்சு, இனி வாய்ப்பாடுதான் என்று நினைத்துக் கண்ணை மூடினாள்.

பாட்டு நின்றுவிடவில்லை. நிதானப்பட்டது.

மூன்றாவது அடியில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான்காவது அடியில் கிளி மெல்லப் பறந்தது. முப்பது குரலும் ஒரே குரலாக மாங்கிளையில் வந்து உட்கார்ந்தன.

கண்ணைத் திறந்தாள். பிள்ளைகள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்சுவரில் சிலுவை இருக்கிறது, கர்த்தர்தான் இறங்கி வந்தார் என்று அவள் நம்பினாள்.

பாட்டு முடிந்ததும் திரும்பினாள்.

சிலுவைக்குக் கீழே, வாசற்படியில், ஃப்ளோரன்ஸ் நின்றாள். அவளுடைய இடது கை அந்தரத்தில் மூடித் திறந்துகொண்டிருந்தது. இல்லாத துருத்தியை அழுத்துகிற கை. மணிக்கட்டைக் கொஞ்சம் வெளியே சாய்த்து, கடைசி விரலை மடக்கி. அப்படி விரல் மடக்குவது ஊரிலேயே பியாட்ரிஸ் ஒருத்திதான்.

பியாட்ரிஸ் பார்த்ததும் அந்தக் கை சேலைத் தலைப்புக்குள் போய்விட்டது.

“தாளம் அபாரம். யார் பழக்கினது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நான்தான் சார்.”

அவர் எழுதிக்கொண்டார். பேனா மூடியைத் திருகி மூடினார். அவ்வளவுதான், ஜூன் மாதம் முடிவாகிவிட்டது.

பியாட்ரிஸ் வாசலைத் தாண்டும்போது ஃப்ளோரன்ஸ் நகர்ந்து வழிவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் பியாட்ரிஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகமாக அது இருந்தது.

“வேகம் சரியா வந்துச்சாக்கா? தினம் ஜன்னலாண்ட நின்னு உங்க கையப் பாத்துக்கினே கத்துக்கினேன்.”

பியாட்ரிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கொஞ்சம் ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிட்டாள். தபசு காலத்தைச் சாக்கு வைத்துக் கோள் சொன்னதைச் சொன்னாள். இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய்யையும் சொல்லி அழுதாள். வேறு ஏதாவது உண்டா மகளே என்று கம்பித் தடுப்புக்கு அப்பாலிருந்து சாமியார் கேட்டார்.

“இல்ல, சாமி,” என்றாள்.

வேகம் இம்மிகூடப் பிசகவில்லை என்பதை அவள் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.