பதினான்காவது கேள்வி

"தொடங்கலாம்" என்று லொறெதானா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று. இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில், மாதா கோவிலுக்குப் பின்னால், பங்குச் சுவாமியார் எங்கள் பெண்கள் சங்கத்துக்கு இரவல் தந்திருக்கும் அறை.

லொறெதானா தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பிலிருந்து வருபவள். சங்கம் நடத்துவது எப்படியென்று மூன்று மாதமாக எங்களுக்குப் படிப்பிக்கிறாள். இன்று பரீட்சை. தேறினால் கூட்டமைப்பில் இடம், உறுப்பினர்களுக்குக் காப்புறுதி, எங்களுக்கென்று ஓர் அறை. தவறினால் அடுத்த வருடம்தான். சுவாமியாரோ இந்த அறையை மாத முடிவில் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

பேருக்குத் தலைவி நான், எமிலியானா. வேலையெல்லாம் செயலாளர் சிவமலருடையது.

பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்களில் யாருக்கு என்ன நடந்தாலும், பதினொரு வருடமாக அவளுடைய தொலைபேசிதான் முதலில் அடிக்கும். வேலை வீட்டு எசமானியான சிஞ்ஞோராவுக்கு முன்னால் நின்று கதைக்க முடியாதவர்களுக்காக அவளே ஒரு முறை வைத்திருந்தாள். ஒரு மிஸ்ட் கோல் என்றால், நேரம் கிடைக்கும்போது எடு. இரண்டு என்றால், கேள்வி வேண்டாம், இந்த அறைக்கு ஓடி வா.

பரீட்சை சின்னதுதான். முன்கூட்டிச் சொல்லாமல் எட்டு உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு மிஸ்ட் கோல். பதினைந்து நிமிடத்துக்குள் பாதிப்பேராவது திருப்பி எடுக்க வேண்டும்.

சிவமலர் தொலைபேசியை எடுத்தாள். ஒவ்வொருத்திக்கும் நேரமெடுத்து அடித்தாள். பரீட்சைப் பயம் என்று நினைத்தேன்.

மூன்று நிமிடம். ஒன்றுமில்லை.

ஏழு நிமிடம். வெளியே சந்தையில் மீன்காரன் கத்திக்கொண்டிருந்தான். உள்ளே தொலைபேசி ஊமையாகக் கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டமென்றால் வாய் கிழியக் கதைப்பார்கள். கூப்பிட்டால் ஒருத்தி இல்லை. மணியைக் கவனிக்காதவள் சங்கத்தில் எதற்கு என்று மனதுக்குள் ஒவ்வொருத்தியாக நீக்கிக்கொண்டிருந்தேன்.

லொறெதானா நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பப் படிவத்தைப் புரட்டினாள். பதினான்காவது கேள்வியில் பேனை நின்றது. பொறுப்பாளருக்கே ஏதும் நடந்தால் அவரை யார் பார்ப்பது? அந்த இடத்தில் நான் ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தேன்.

சிவமலருக்கு என்ன வரப்போகிறது என்று இத்தாலியனில் சொல்லிச் சிரித்தேன். சிவமலர் சிரிக்கவில்லை. காலடியில் இருந்த பெரிய பையை மேசைக்கு அடியில் தள்ளினாள். சங்கத்துக் கோப்புகளாக இருக்கும்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. லொறெதானா பூச்சியம் என்று எழுதிப் பேனையை மூடினாள். மானம் கப்பலேறிவிட்டது.

அப்போதுதான் கதவு அடித்துத் திறந்தது.

றோசமலர். கையெல்லாம் கோதுமை மா. முன்னால் சக்கர நாற்காலி, அதில் அவளுடைய கிழட்டுச் சிஞ்ஞோரா கம்பளியால் போர்த்தபடி முழித்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு என்ன?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியது.

பின்னாலேயே ஜெனுஷா, போர்கோ வெக்கியோவிலிருந்து, வீட்டுச் செருப்போடு. லக்ஷனா தூரத்துக் கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில், பஸ் ஏறிவிட்டாளாம். அரை மணிக்குள் ஆறு பேர். ஒருத்தி கூடத் திருப்பி எடுக்கவில்லை, நேரே வந்தே விட்டார்கள்.

திருப்பி எடுக்கச் சொன்னால் ஏன் வந்தார்கள் என்று லொறெதானா கேட்டாள். சிவமலர் பதட்டத்தில் இரண்டு தரம் அடித்துவிட்டாள், சின்னப் பிழை என்று சமாளித்தேன்.

"பிழையில்லை அக்கா" என்றாள் சிவமலர்.

றோசமலர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பையை இழுத்தாள். துவாயில் சுற்றிய பிள்ளையார் படத்தின் மூலை வெளியே தெரிந்தது.

வீட்டோடு தங்கி வேலை செய்பவள் லீவில் போனால் உடுப்பைத்தான் எடுத்துப் போவாள். சாமிப் படத்தைக் கழற்றினால், அந்த வீட்டை விட்டு ஒரேயடியாக வெளிக்கிட்டுவிட்டாள் என்று அர்த்தம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எப்ப?" என்று கேட்டாள் றோசமலர்.

"வியாழக்கிழமை. என்ரை சிஞ்ஞோரா கண்ணை மூடின அண்டைக்கே மகன் வீட்டுத் திறப்பை வாங்கிப்போட்டார்."

ஐந்து இரவுகள். இந்த அறைக் கதவின் திறப்பு அவளிடம்தான் இருந்தது. அந்த மூலையில் கிடந்த மர வாங்கில் படுத்திருக்கிறாள். சனிக்கிழமை லக்ஷனாவுக்கு மொண்டெல்லோவில் தங்க இடம் பிடித்துக் கொடுத்ததும் அந்த வாங்கில் இருந்துகொண்டுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் பக்கத்தில் இருந்து படித்தவள் நான்.

லொறெதானாவுக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனால் பையைப் பார்த்தாள், வாங்கைப் பார்த்தாள். பூச்சியத்தை வெட்டினாள். பதினான்காவது கேள்வியை என் பக்கம் திருப்பிப் பேனையைத் தந்தாள்.

நான் இழுத்த கோட்டுக்கு மேலேயே எழுதினேன். றோசமலர், ஜெனுஷா, பஸ்ஸில் வந்துகொண்டிருந்த லக்ஷனா. எட்டுப் பெயர்களும் எழுதி முடிந்தன.

"உங்கடை பேரையும் போடுங்கோ. தலைவியெல்லோ" என்றாள் றோசமலர்.

பேனை நகரவில்லை. சிவமலர் என்னைப் பார்க்காமல் பையின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு எனக்கும் சிவமலரிடமிருந்து இரண்டு மிஸ்ட் கோல் வந்திருந்தது. படிவத்தை நிரப்பச் சொல்லிக் கரைச்சல் தரப்போகிறாள் என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.